பிளவுஸ் தையல்காரருக்கு எந்தக் கூலி முறை சரி? பீஸ் ரேட், சம்பளம், பங்கு, வீட்டுத் தையல்: ஒரு மதிப்பீடு

இரண்டு மூன்று மெஷின் போட்டு நடத்தும் பிளவுஸ் கடைக்குத் தையல்காரரை எடுக்கும்போது நம் ஊரில் புழங்கும் ஏற்பாடுகள் நான்கு: பீஸ் ரேட் (தைத்த ஒவ்வொரு பிளவுஸுக்கும் இவ்வளவு என்று), மாதச் சம்பளம், பங்கு, வீட்டுக்குக் கொடுத்துத் தைத்து வாங்குவது. கொடுக்கிற காசுக்கு எப்படிப்பட்ட தையல் திரும்பி வருகிறது, தைப்பவர் கையில் கடைசியில் என்ன நிற்கிறது என்ற இரண்டையும் வைத்துத்தான் இந்த மதிப்பீடு. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வெறும் பீஸ் ரேட் தேறாது. நாள் கூலிக்கு உத்தரவாதம் கொடுத்து, அதற்கு மேல் பீஸ் ரேட் போடும் முறைதான் சின்னக் கடைக்குப் பொருந்துகிறது. ஆனால் ரேட் போட்ட விதமே கோணலாக இருந்தால் எந்த முறையும் காப்பாற்றாது. அதனால் கணக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ரேட்டை எந்தப் பக்கத்திலிருந்து போடுவது

பக்கத்துக் கடையில் லைனிங் பிளவுஸுக்கு 450 வாங்குகிறார்கள், நாமும் 450 வைப்போம், அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைத்துத் தையல்காரருக்குக் கொடுப்போம். பெரும்பாலான கடைகளில் இப்படித்தான் ரேட் பிறக்கிறது. இப்படிப் போட்டால் வாடகை ஏறினாலும் கரண்ட் பில் ஏறினாலும் தைப்பவர் தலையில்தான் விடியும். கணக்கை மறுமுனையிலிருந்து, தைப்பவரின் ஒரு நாளிலிருந்து போட வேண்டும்.

முதலில் நேரம். ஐந்து லைனிங் பிளவுஸ் தைக்கும்வரை கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தால் போதும். வேகத்தைச் சோதிக்கிறார்கள் என்று நினைத்துத் தைப்பவர் அவசரப்படக் கூடாது. ரேட் போடத்தான் இந்தக் குறிப்பு என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கை பழகிய ஒருவருக்கு அளவு ஜாக்கெட் வைத்து மேல்துணியும் லைனிங்கும் வெட்ட 15 முதல் 20 நிமிடம் ஆகும். மெஷினில் தைக்க ஒன்றரை மணி நேரத்தை ஒட்டிப் போகும். ஹூக் வைத்து, லூப் போட்டு, எம்மிங் (ஓரத்தை மடித்துப் போடும் கைத்தையல்) முடிக்க 30 முதல் 45 நிமிடம். பிளவுஸுக்கு ஆறு ஹூக் என்பது சின்ன வேலையாகத் தெரிந்தாலும், கையால் செய்ய வேண்டியதால் அவசரப்படுத்த முடியாத வேலை.

அடுத்தது நாளின் உண்மையான நீளம். காலை ஒன்பதரை முதல் மாலை ஆறரை வரை ஒன்பது மணி நேரம். சாப்பாட்டுக்கு ஒரு மணி, இரண்டு டீக்கு அரை மணி போனால் ஏழரை. பாபின் சுற்றுவது, நூல் மாற்றுவது, அறுந்த நூலைக் கோர்ப்பது, கரண்ட் போய் வருவது, டிரையலுக்கு வந்தவருக்கு இடுப்பு பிடித்துக் கொடுப்பது எல்லாம் சேர்ந்து இன்னும் ஒரு மணி நேரம். மெஷினில் கால் அழுத்தும் நேரம் ஆறரை மணிதான். ஒரு பிளவுஸ் ஒன்றரை மணி என்றால் நான்கு முடியும், மிச்சம் அரை மணி நேரம் பிரித்துத் தைக்கும் வேலைகளுக்குப் போகும். நான்குதான் சராசரி. தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் ஒருவர் ஏழு தைத்தார் என்பதை வைத்து ரேட் போடும் கடைகள்தான் ஆளைத் தக்கவைக்க முடியாமல் திணறுகின்றன. அந்த ஏழு, இரவு பதினொரு மணி வரை உட்கார்ந்து வந்த ஏழு.

இப்போது தொகை. உங்கள் ஊரில் இதே அளவு கை அனுபவம் தேவைப்படும் மற்ற வேலைகளுக்கு, எலக்ட்ரீஷியனுக்கு, டைல்ஸ் ஒட்டுபவருக்கு, நாள் கூலி என்ன என்று விசாரியுங்கள். கணக்குக்காக 900 என்று வைத்துக்கொள்வோம். 900-ஐ நான்கால் வகுத்தால் ஒரு பிளவுஸின் மெஷின் தையலுக்கு 225. வெட்டுக்கு 50, கை வேலைக்கு 40. ஆக 315 கூலி. 450-ல் இதைக் கழித்தால் மிச்சம் 135.

அந்த 135 போதுமா? கடை வாடகை 8,000, கரண்ட் 1,500, நூல், ஊசி, ஹூக், எண்ணெய், மெஷின் சர்வீஸ் 1,500 என்றால் மாதம் 11,000. கடை நடத்துபவர் தன் உழைப்புக்கு 15,000 எடுத்துக்கொண்டால் மொத்தம் 26,000. இரண்டு தையல்காரர்கள், 26 நாள், நாளுக்கு நான்கு என்றால் 208 பிளவுஸ். ஒன்றுக்கு 125 விழுகிறது. எல்லா மாதமும் 208 வராது. ஆடியும் மார்கழியும் இழுத்துவிடும். வருடச் சராசரி 150 என்று வைத்தால் ஒன்றுக்கு 173. அப்படியானால் பிளவுஸின் விலை 488, அதாவது 490-க்குக் குறையக் கூடாது. 450 வாங்கிக்கொண்டு மிச்ச 40 ரூபாயைத் தையல்காரரிடம் பிடிப்பதுதான் இந்தத் தொழிலில் நடந்துகொண்டிருப்பது. விலையை ஏற்றினால் வாடிக்கையாளர் போய்விடுவார் என்ற பயம் புரிகிறது. ஆனால் நல்ல தையல்காரர் போனால் வாடிக்கையாளரும் பின்னாலேயே போவார்; அளவு பிடிபட்ட கையைத் தேடித்தான் பெண்கள் கடைக்கு வருகிறார்கள்.

பீஸ் ரேட்: வேகம் வரும், உள்பக்கம் கெடும்

வேலைக்கேற்ற கூலி என்பதால் பார்க்க நியாயமாகத் தெரியும். தைப்பவருக்கும் நினைத்த நேரத்தில் வரப்போகச் சுதந்திரம் உண்டு. வேலை நிறையக் கிடைக்கும் மாதங்களில் திறமைசாலிக்கு இதைவிட நல்ல முறை இல்லை.

குறை எங்கே என்று தெரிய வேண்டுமானால் பிளவுஸை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். ரேட் குறைவாக இருந்தால் முதலில் மாறுவது தையல் நீளம். அங்குலத்துக்கு 12 தையல் விழ வேண்டிய இடத்தில் 8 விழும். மெஷின் வேகமாக நகரும், ஆறு மாதத்தில் கைக்குழி விடும். கைக்குழியில் இரட்டைத் தையல் ஒற்றையாகும். டாட் (மார்பு வடிவத்துக்காகப் பிடிக்கும் மடிப்பு) முனையில் பின்தையல் போடாமல் நூலை அப்படியே வெட்டிவிடுவார்கள். இரண்டு துவைப்பில் முனை பிரியும். மேல்துணியையும் லைனிங்கையும் சேர்த்து ஓடவிட வேண்டிய ஆதாரத் தையலைத் தவிர்த்தால், உடுத்தும்போது லைனிங் ஒரு பக்கம் சுருண்டு நிற்கும். எல்லாவற்றிலும் மோசமானது, பக்கவாட்டில் விட வேண்டிய ஒன்றரை அங்குல மார்ஜினை ஓவர்லாக் (விளிம்பு பிரியாமல் போடும் தையல்) போடும்போது அரை அங்குலமாக வெட்டித் தள்ளுவது. அதற்குப் பிறகு அந்த பிளவுஸைப் பிரித்துவிடவே முடியாது. இதையெல்லாம் தைப்பவரின் அலட்சியம் என்று திட்டுவதில் பயனில்லை. 150 ரூபாய்க்கு ஒரு லைனிங் பிளவுஸ் என்றால் நாளுக்கு ஆறு தைத்தால்தான் 900 வரும். ஆறு தைக்க வேண்டுமானால் இவற்றில் எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது குறை, எல்லா பிளவுஸும் ஒரே பிளவுஸ் அல்ல. துணியைக் கோணலாக வெட்டித் தைக்கும் கிராஸ் கட்டுக்கும், டாட்டுக்குப் பதில் நீளத் தையல் ஓடும் பிரின்சஸ் கட்டுக்கும் தையல் நீளமே வேறு. பைப்பிங் என்றால் துணியைக் கோணலாக, 45 டிகிரியில், ஒன்றேகால் அங்குலப் பட்டையாக வெட்டி, ஒட்டுப் போட்டு, உள்ளே கயிறு வைத்துக் கழுத்தைச் சுற்ற வேண்டும். பானைக் கழுத்தின் வளைவில் ஒவ்வோர் இடமாக நறுக்குவிட்டுத் திருப்ப வேண்டும். வெல்வெட் மெஷினில் நழுவும். ஷிஃபானுக்கும் மெல்லிய பட்டுக்கும் 14-ம் நம்பர் ஊசியை எடுத்துவிட்டு 11 போட வேண்டும், இல்லாவிட்டால் இழை இழுக்கும். ஆரி வேலை செய்த துணியில் தையல் ஓடும் கோட்டில் இருக்கும் மணிகளை ஒவ்வொன்றாக உடைத்து எடுத்து, வேலையின் நூல் அவிழாமல் கட்டிவிட்டுத்தான் மெஷினில் வைக்க முடியும். இதற்கெல்லாம் வாடிக்கையாளரிடம் கூடுதலாக வாங்கும் கடை, தையல்காரருக்கு மட்டும் “லைனிங் பிளவுஸ் ஒன்று” என்று எழுதினால் அது ஏமாற்று. வேறு சொல் கிடையாது.

அதனால் ரேட் அட்டை ஒன்று சுவரில் இருக்க வேண்டும். அடிப்படை ரேட், அதன் மேல் பைப்பிங், பிரின்சஸ் கட், கப், ஜிப், கயிறும் குஞ்சலமும், வெல்வெட், ஆரி என்று ஒவ்வொன்றுக்கும் தனித் தொகை. தொகையை மேலே சொன்ன நேரக் கணக்கிலேயே போடலாம். ஆறரை மணிக்கு 900 என்றால் பத்து நிமிடத்துக்கு ஏறக்குறைய 23 ரூபாய். பைப்பிங் 20 நிமிடம் கூடுதலாக எடுத்தால் 46. பேரம் பேச வேண்டியதே இல்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரே கடையில் ஆண் தையல்காரருக்கு டிசைன் பிளவுஸையும், பெண் தையல்காரருக்குச் சாதா பிளவுஸையும் பிரித்துக் கொடுக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. ரேட் அட்டையில் வித்தியாசம் தெரியாது, வாரக் கூலியில் தெரியும். சம வேலைக்குச் சம ஊதியம் என்று 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. வேலையைப் பிரித்துக் கொடுப்பதில் ஓரவஞ்சனை செய்தால் அதே அநியாயம் பின்வாசல் வழியாக நுழைகிறது.

பீஸ் ரேட் கொடுத்தால் குறைந்தபட்சக் கூலி விதி பொருந்தாது என்று நினைக்கும் கடைக்காரர்கள் உண்டு. அது தவறு. தையல் தொழிலுக்குத் தமிழ்நாடு அரசு குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்திருக்கிறது. பீஸ் ரேட்டில் வேலை செய்பவரின் கூலியும் அந்த அளவுக்குக் கீழே போகக் கூடாது. அதில் அடிப்படைச் சம்பளத்தோடு பஞ்சப்படியும் உண்டு, பஞ்சப்படி ஒவ்வோர் ஏப்ரலிலும் மாறும். தொழிலாளர் துறை வெளியிடும் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் ரேட் அட்டையை எழுத வேண்டும்.

மாதச் சம்பளம்: தையல் நன்றாக இருக்கும், சீசனில் மனக்கசப்பு வரும்

தரம் என்று பார்த்தால் இந்த நான்கில் இதுவே முதலிடம். அவசரம் இல்லாததால் உள்பக்கத் தையல் ஒழுங்காக இருக்கும். ஆல்டரேஷனுக்கு முகம் சுளிக்க மாட்டார்கள். லைனிங் துணியை நனைத்துக் காயப்போட்டு இஸ்திரி போட்ட பிறகு வெட்டுவது போன்ற, யாருடைய ரேட்டிலும் சேராத வேலைகள் நடக்கும். காட்டன் லைனிங்கை நனைக்காமல் வெட்டினால் முதல் துவைப்பிலேயே சுருங்கி மேல்துணியைப் பிடித்து இழுக்கும். பீஸ் ரேட் கடைகளில் அடிக்கடி விட்டுப்போவது இதுதான்.

ஆனால் சின்னக் கடைக்கு இரண்டு சிக்கல். ஆடியில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கும் நாளுக்கும் சம்பளம் போகும். அதை வருடக் கணக்கில் முன்பே சேர்த்து வைத்திருக்க வேண்டும். மேலே 208-க்குப் பதில் 150 என்று வகுத்தது கடைச் செலவுக்கு மட்டும்தான், இந்தச் சம்பளம் அதில் அடங்கவில்லை. மறுபக்கம், தீபாவளிக்கும் தை முகூர்த்தங்களுக்கும் வேலை குவியும்போது, அதே சம்பளத்துக்கு இரவு பத்து மணி வரை உட்கார வைப்பார்கள். கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்பது சட்டம். மாதம் 23,400 சம்பளம், 26 நாள், நாளுக்கு எட்டு மணி வேலை என்றால் ஒரு மணிக்கு 112 ரூபாய் 50 காசு. கூடுதல் நேரத்துக்கு 225. டீயும் புரோட்டாவும் வாங்கிக் கொடுத்துக் கணக்கை முடிப்பது கூலி ஆகாது.

வெட்டத் தெரிந்த மாஸ்டருக்கு மாதச் சம்பளமே ஏற்றது. அவரிடம் எண்ணிக்கையைக் கேட்டு அவசரப்படுத்தினால் நஷ்டம் கடைக்குத்தான். தைத்ததில் தப்பு வந்தால் பிரித்துத் தைக்கலாம். வெட்டியதில் தப்பு வந்தால் பட்டு பிளவுஸ் துணி போயிற்று. அளவு ஜாக்கெட் பார்த்து வெட்டுபவருக்கும், உடம்பில் அளவெடுத்து வெட்டுபவருக்கும் இடையே சம்பள வித்தியாசம் கட்டாயம் இருக்க வேண்டும். உடம்பில் அளவெடுத்து வெட்டுபவர் கிடைப்பது அரிது.

பங்கு: பில் புத்தகம் திறந்திருந்தால் மட்டும்

தையல் கூலியில் பாதிப் பாதி, அல்லது அறுபதுக்கு நாற்பது. சலூன்களில் நன்றாகவே ஓடும் முறை. விலையை ஏற்றினால் தைப்பவருக்கும் தானாகவே ஏறும் என்பது இதன் அழகு. கோளாறு தள்ளுபடியில் வரும். கடைக்காரர் சொந்தக்காரருக்கு 100 ரூபாய் குறைத்தால் அதில் பாதி தையல்காரர் பையிலிருந்து போகிறது. பங்கை எப்போதும் அட்டையில் உள்ள விலைக்குத்தான் கணக்கிட வேண்டும், வசூலான தொகைக்கு அல்ல. நூலும் ஹூக்கும் யார் செலவு என்று முதல் நாளே பேசாவிட்டால் மாதக் கடைசியில் சண்டை வரும். கடையின் செலவு என்பதே சரி.

வீட்டுத் தையல்: மலிவாகத் தெரிவது ஏன்

வீட்டில் மெஷின் வைத்துத் தைத்துத் தருபவருக்குக் கடையில் தைப்பவரைவிடக் குறைத்துக் கொடுக்கிறார்கள். கணக்கு நேர்மாறாக இருக்க வேண்டும். மெஷின், மோட்டார், கரண்ட், நூல், ஓவர்லாக் போட வெளியே கொடுக்கும் காசு, துணி வாங்கித் திரும்பக் கொண்டுவரும் ஆட்டோ எல்லாம் அவர் செலவு. கடைக்கு இடமும் கரண்டும் மிச்சம். மேலே போட்ட 225-ஐ அப்படியே வைத்து, அதன் மேல் இந்தச் செலவுகளை எழுதிக் கூட்டிக் கொடுப்பதுதான் நியாயம். தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. டிரையல் பார்த்துத் திருத்த ஆள் பக்கத்தில் இல்லை என்பதுதான் பிரச்சினை. அளவு மாறாத பழைய வாடிக்கையாளர்களின் சாதா பிளவுஸுக்கு நல்ல ஏற்பாடு. கல்யாண பிளவுஸை இப்படிக் கொடுக்கக் கூடாது.

உத்தரவாதத்தோடு பீஸ் ரேட்: நான் கைகாட்டுவது

நாள் கூலிக்கு ஓர் அடித்தளம், மேலே தைத்த அளவுக்கு. உதாரணமாக நாளுக்கு 600 உத்தரவாதம் என்று வையுங்கள்; அரசு அறிவித்த குறைந்தபட்சம் அதைவிட அதிகமாக இருந்தால் அதுவே அடித்தளம். பீஸ் கணக்கு அதற்கு மேல் போனால் பீஸ் கணக்கைக் கொடுக்க வேண்டும், போகாவிட்டால் 600.

இதை நாள் கணக்காகப் பார்ப்பதா, வாரக் கணக்காகவா என்பதில்தான் நியாயம் நிற்கிறது. ஒரு வாரத்தில் மூன்று நாள் நான்கு பிளவுஸ், மூன்று நாள் இரண்டு பிளவுஸ் தைத்தார் என்று வையுங்கள். பீஸ் கணக்கு 2,700 கூட்டல் 1,350, ஆக 4,050. வாரக் கணக்கில் ஆறு நாள் உத்தரவாதம் 3,600. அதைத் தாண்டிவிட்டதால் 4,050 மட்டும். நாள் கணக்கில் 2,700 கூட்டல் 1,800, ஆக 4,500. வித்தியாசம் 450 ரூபாய். வேலை இல்லாத நாளில் மதியமே வீட்டுக்குப் போகலாம் என்று விட்டால் வாரக் கணக்கு ஏற்கக்கூடியது. ஆள் வந்தால் அளவெடுக்க வேண்டும், உட்கார்ந்திருங்கள் என்று சொன்னால் நாள் கணக்குதான். காத்திருக்கும் நேரமும் கடைக்குக் கொடுத்த நேரம். மெஷின் டைமிங் போய் மெக்கானிக்குக்காகக் காத்திருந்த நாளும் இதில் சேரும்.

ஆல்டரேஷனுக்கு யார் பொறுப்பு என்பதை நோட்டில் ஒரு வரியில் எழுதி வைத்தால் பாதி மனத்தாங்கல் தீரும். அளவு தப்பாக எழுதியிருந்தால் கடையின் பொறுப்பு. திருத்தக் கூலி உண்டு. வெட்டில் தப்பு என்றால் மாஸ்டரின் பொறுப்பு. தைத்தவருக்குத் திருத்தக் கூலி உண்டு. வாடிக்கையாளர் உடம்பு மாறியிருந்தால் அவரிடம் வாங்கிக் கொடுக்க வேண்டும். தையலிலேயே தப்பு இருந்தால் மட்டும் தைத்தவர் கூலி இல்லாமல் சரிசெய்து கொடுப்பார். கெட்டுப்போன பட்டுத் துணியின் விலையை அப்படியே வாரக் கூலியில் பிடிக்கும் வழக்கம் சட்டப்படி செல்லாது. அலட்சியத்தால் ஆன இழப்பு என்று நிலைநாட்டி, விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகே எதையும் பிடிக்க முடியும்.

ஆள் எடுக்கும்போது

மூன்று பிளவுஸ் தைக்கக் கொடுங்கள்: சாதா காட்டன் ஒன்று, லைனிங் வைத்த கிராஸ் கட் ஒன்று, பைப்பிங்கோடு பிரின்சஸ் கட் ஒன்று. மூன்றுக்கும் முழு ரேட் கொடுக்க வேண்டும். “சாம்பிள்” என்று இலவசமாகத் தைத்து வாங்கி விற்றுவிட்டு, ஆளை அனுப்பிவிடுவது திருட்டு. பார்க்க வேண்டியவை: இரண்டு முன்பக்கத்தையும் சேர்த்து வைத்தால் டாட் முனைகள் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா, ஹூக் மாட்டினால் கழுத்து இரண்டு பக்கமும் சமமாக வருகிறதா, இடது வலது கை மாறாமல் ஏறியிருக்கிறதா, கைக்குழித் தையலை இரண்டு கையாலும் இழுத்தால் நூல் தெரிகிறதா, மார்ஜின் விட்டிருக்கிறாரா. எவ்வளவு நேரத்தில் முடித்தார் என்பதைக் கடைசியாகப் பாருங்கள். வேகம் மூன்று மாதத்தில் வந்துவிடும். மார்ஜின் விடும் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் வராது.

முன்பணம் கேட்பது இந்தத் தொழிலில் சகஜம். கொடுக்கலாம். வாரம் எவ்வளவு கழிப்பது என்று இருவர் நோட்டிலும் எழுதி, கூலியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பிடிக்காமல் இருந்தால் நல்லது. கடன் பாக்கியைக் காட்டி வேறு கடைக்குப் போகவிடாமல் தடுத்தால், அது 1976-ம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் வரம்புக்குள் போய்விடும்.

இரண்டு மூன்று பேர் வேலை செய்யும் கடைக்குச் சட்டப்படியான போனஸ் விதிகளும், தொழிலாளர் மருத்துவக் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யும் பொருந்துவதில்லை. ஆனாலும் தீபாவளிக்கு, வருடம் முழுக்கக் கொடுத்த கூலியைக் கூட்டி 8.33 சதவீதம் கொடுப்பது நல்ல அளவுகோல். பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதக் கூலி. ஒரு சேலையும் ஸ்வீட் பாக்ஸும் அதற்கு ஈடாகாது. ஈ.எஸ்.ஐ. இல்லாத குறையை ஓரளவு ஈடுகட்ட, தமிழ்நாடு தையல் தொழிலாளர்கள் நல வாரியத்தில் தைப்பவர் பெயரைப் பதிந்துவிட உதவுங்கள். பிள்ளைகளின் படிப்பு உதவி, திருமண உதவி, விபத்து நிவாரணம், 60 வயதுக்கு மேல் ஓய்வூதியம் ஆகியவை அதன் வழியாகக் கிடைக்கின்றன. தையல் தொழில் செய்கிறார் என்பதை உறுதிப்படுத்தக் கடைக்காரர் அரை நாள் ஒதுக்கினால் போதும். அந்த அரை நாளுக்கும் கூலியைப் பிடிக்காதீர்கள்.

ரேட் அட்டையை வருடத்துக்கு ஒரு முறை, பஞ்சப்படி மாறும் ஏப்ரலில் திருத்தினால் வசதி. சித்திரை, வைகாசி முகூர்த்தங்களுக்கு ஆர்டர் எடுக்கும் நேரம் என்பதால், வாடிக்கையாளர் விலையையும் அதோடு சேர்த்தே மாற்றிவிடலாம்.